கோமதிக்கு வளரும் வயது

உங்களில் ஒருவர் போன வாரம் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராகச் சேர்ந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. முழங்கால் வலி என்று ஒரு பள்ளிக்கூடப் பையன் வந்ததாகவும், வளரும் வயதில் வருகிற வலிதான் என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். பிறகு தயங்கி, "நான் செஞ்சது சரிதானே மேடம்?" என்று கேட்டார்.

சரியாகவே இருக்கலாம் என்றேன். முழங்கால் வலி என்று வருகிற பிள்ளைகளில் அநேகமாக எல்லோருக்கும் ஒன்றுமே இருக்காது. ஓடுவார்கள், விழுவார்கள், இரண்டு வாரத்தில் மறந்துவிடுவார்கள். ஆனாலும் அந்தப் பையனை மறுபடி கூப்பிட்டு இன்னும் சில கேள்விகள் கேட்டுப் பாருங்கள் என்றேன். என்ன கேள்விகள் என்று அவருக்கு விளக்கும்போது ஒரு பெண்ணின் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்குமே அவளைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அது 2005. நான் மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தேன். முந்தைய டிசம்பரில் கடல் உள்ளே வந்துபோனது. வெளியூர்களிலிருந்து வந்த மருத்துவ முகாம்கள் எல்லாம் கோடைக்குள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டன. உப்பளப் பாத்திகளைத் திரும்பச் சீர் செய்து ஜனங்கள் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். உப்புத் தண்ணீரில் வெடித்த பாதங்கள், வெயிலில் சிவந்த கண்கள், சுமை தூக்கித் தேய்ந்த முட்டிகள் என்று காலை நேரம் முழுவதும் வெளிநோயாளிகள் வரிசையில் நிற்பார்கள்.

ஏழுமலை அந்த வரிசையில்தான் வந்தார். உப்பளக் கூலி. நாற்பதைத் தாண்டிய மனிதர். என் முன்னால் உட்கார்ந்ததும் முழங்காலைக் காட்டி, "மேடம், எனக்கு எலும்புல கேன்சருங்க" என்றார். வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

"யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் கால்ல ஆரம்பிச்சுது. கட்டில்ல இருந்து எழுந்துக்கும்போது தொட எலும்பு மளுக்குனு ஒடஞ்சி போச்சு. பாண்டில காமிச்சோம். எலும்புல கேன்சருன்னு சொல்லிட்டாங்க. பொங்கலுக்குக்கூட இல்ல அவரு."

அண்ணனுக்கு என்ன வயது, வேறு என்ன தொந்தரவு இருந்தது என்று கேட்டேன். அறுபதைத் தாண்டியவராம். நெடுநாளாக இருமல், கடைசியில் சளியோடு ரத்தம். பீடி கையை விட்டு இறங்கவே இறங்காது என்றார். எனக்கு விஷயம் புரிந்தது. அந்த வயதில் எலும்பில் புற்று தெரிந்தால் அது பெரும்பாலும் எலும்பிலேயே பிறந்ததாக இருக்காது. நுரையீரல், மார்பகம், ஆண்களுக்கு புராஸ்டேட் சுரப்பி என்று வேறு எங்கோ ஆரம்பித்து எலும்புக்கு வந்திருக்கும். ஏழுமலையிடம் அதைச் சொன்னேன். உங்கள் முட்டி சுமை தூக்கித் தேய்ந்தது, அண்ணன் நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். தலையாட்டினார். நம்பவில்லை என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது.

எக்ஸ்ரேவுக்கு எழுதிக் கொடுத்தேன். அவசியமில்லைதான். ஆனால் கூடப் பிறந்தவரின் எலும்பு கண் முன்னால் முறிந்ததைப் பார்த்தவருக்கு நான் வாயால் சொல்வது போதாது. பயமும் ஒரு நோயாளி நம்மிடம் கொண்டு வருகிற உபாதைதான். அதையும் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும்.

அடுத்த முறை படத்தோடு வந்தார். கூட அவருடைய மகள் வந்திருந்தாள். பெரிய பழுப்பு உறையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள், பெயர் கோமதி என்றார். நல்ல உயரம். ஒரே வருடத்தில் மளமளவென்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இருக்குமே, கை கால்களை எங்கே வைப்பது என்று தெரியாத ஒரு கூச்சம், அது அவளிடம் இருந்தது. அம்மாவையே தாண்டிவிட்டாள் என்று ஏழுமலை பெருமையாகச் சொன்னார்.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கொஞ்சம் தேய்மானம், அவ்வளவுதான். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல ஏழுமலை" என்றேன். அவர் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். துண்டை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். கும்பிட்டுவிட்டு எழுந்தார்கள்.

எங்கள் கட்டிடத்துக்கு வாசலில் படிகள் உண்டு. என் நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரியும். ஏழுமலை விறுவிறுவென்று இறங்கிப் போனார். கோமதி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வைத்தாள், அடுத்த காலையும் அதே படியில் கொண்டுவந்து வைத்தாள், பிறகுதான் அடுத்த படி. வயதானவர்கள் இறங்குகிற மாதிரி.

கூப்பிட்டேன். இருவரும் திரும்பி வந்தார்கள்.

"கால்ல என்னம்மா?"

"அது ஒண்ணுமில்லீங்க" என்று அப்பாதான் பதில் சொன்னார். "அலை வந்தன்னைக்கு ஓடும்போது வுழுந்துட்டா. அந்த அடிதான். அவங்கம்மா எண்ண போட்டு நீவி வுடுறா. செரியா பூடும்."

அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, செவிலியரை உடன் வைத்துக்கொண்டு, கோமதியை உட்கார வைத்தேன். பிள்ளைகளிடம் கேட்பதற்குப் பெற்றவர்கள் பதில் சொன்னால் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பிள்ளையிடமும் ஒரு முறை தனியாகக் கேளுங்கள்.

"விழுந்த அடி எப்ப ஆறிச்சு?"

"பொங்கலுக்குள்ள ஆறிடுச்சி மேடம். அப்புறம் ஸ்கூல்ல கோகோ கூட ஆடுனேன். செகண்ட் பிரைஸ்."

"அப்ப இந்த வலி?"

யோசித்தாள். "பரீட்ச முடிஞ்சி லீவு வுட்டாங்கள்ல, அப்பதான். சும்மா இருக்கும்போதே வலிக்குது."

"ராத்திரியில?"

"ராத்திரிதான் ஜாஸ்தி." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அம்மா காலைல அளத்துக்குப் போவணும். முழிச்சிப்பாங்கன்னு தலகாணிய கடிச்சிக்குவேன்."

பாவாடையை முட்டிக்கு மேல் விலக்கிப் பார்த்தேன். முழங்காலுக்குச் சற்று மேலே, தொடை எலும்பு முடிகிற இடத்தில், வீக்கம். தொட்டால் சூடு. அழுத்தினால் அமுங்காத, நகராத கெட்டி. காலை முழுதாக மடக்க முடியவில்லை.

நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விழுந்த பிள்ளைக்கு வலி விழுந்த நாளிலிருந்து தொடர்ந்து இருக்கிறதா, அல்லது நடுவில் முழுக்க நன்றாக இருந்து பிறகு தானாக வந்ததா என்று கேளுங்கள். வளரும் வலி பெரும்பாலும் இரண்டு கால்களிலும் மாறி மாறி வரும், காலையில் காணாமல் போகும், வீக்கம் இருக்காது. ஒரே இடத்தில், நாளுக்கு நாள் கூடி, தூக்கத்தில் எழுப்புகிற வலி என்றால் மாத்திரைச் சீட்டை ஒதுக்கி வைத்துவிட்டு எக்ஸ்ரே சீட்டை எடுங்கள்.

ஏழுமலையை உள்ளே கூப்பிட்டு, "இவ முட்டியையும் ஒரு படம் எடுத்துடலாம். நாளைக்கே" என்றேன்.

"இன்னா மேடம், என் முட்டிய பாத்துட்டு அவ முட்டியும் கேக்குதா?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. உங்கள் முகத்தை நோயாளிகள் நீங்கள் நினைப்பதைவிட நன்றாகப் படிப்பார்கள்.

பக்கத்து ஊர் அரசு மருத்துவமனையில் இருந்த அறுவை மருத்துவர் எனக்குப் பழக்கம். படம் எடுக்க கோமதியை அங்கேதான் அனுப்பியிருந்தேன். அவளைப் பார்த்துவிட்டு அவர் போன் செய்தார். சூடான வீக்கம், லேசான காய்ச்சல், எலும்பில் சீழ் பிடித்திருக்கலாம், கீறி விட்டுவிடலாமா என்று கேட்டார். தவறான யோசனை அல்ல, அந்த வயதில் அதுவும் வரும். ஆனால் படம் பார்க்கும்வரை ஊசியோ கத்தியோ வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கட்டியாக இருந்து, தெரியாமல் கீறிவிட்டால், பிறகு காலைக் காப்பாற்றுகிற வழிகள் குறைந்துபோகும். அவர் உடனே ஒத்துக்கொண்டார். சாயங்காலம் மறுபடி போன் வந்தது. "மேடம், நல்லவேள நிறுத்தினீங்க" என்றார். படத்தில் எலும்பு ஓரம் அரித்துப்போய், அங்கிருந்து வெளியே கதிர் கதிராகப் புது எலும்பு கிளம்பியிருந்தது. சென்னைக்கு அனுப்பினோம். சதை எடுத்துப் பார்த்து, எலும்பிலேயே பிறந்த புற்று என்று உறுதி செய்தார்கள்.

சிகிச்சை ஆரம்பிக்கும் முன் ஏழுமலையும் அவர் மனைவி அஞ்சலையும் என்னைப் பார்க்க வந்தார்கள். கோமதியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஏழுமலை உட்காரவே இல்லை.

"இது வயசானவங்களுக்கு வர்றதுதானே மேடம்? எங்க அண்ணனுக்கு வந்துது. எனக்கு வரும்னு நெனச்சேன். எனக்கு வந்திருந்தா கூட செரின்னு இருந்துருப்பேன். சின்னப் பொண்ணு. அவளுக்கு எப்படிங்க வரும்?"

எனக்குத் தெரிந்ததை எளிமையாகச் சொன்னேன். எலும்பிலேயே பிறக்கிற இந்த நோய் சின்னக் குழந்தைகளுக்கு மிக அபூர்வம். பத்து வயதைத் தாண்டி உயரம் சரசரவென்று ஏறுகிற சமயத்தில்தான் அதிகம் பார்க்கிறோம், அதுவும் வேகமாக வளர்கிற முட்டிப் பக்கத்து எலும்பில். பெண் பிள்ளைகள் முன்னால் வளர்ந்துவிடுவதால் அவர்களுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வரும். வளர்ச்சி நின்ற பிறகு, உங்கள் வயதில், குறைந்துவிடும். அறுபதுக்கு மேல் மறுபடி கொஞ்சம் தலைகாட்டும். அதிகம் என்று நான் சொல்கிற வயதில்கூட இது ஆயிரத்தில் ஒருவருக்கு வருகிற விஷயம் அல்ல, அதைவிட மிக மிக அரிது. ஏன் கோமதிக்கு வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த அஞ்சலை, "நான் எண்ண போட்டு அழுத்தி அழுத்தி நீவுனனே டாக்டரம்மா. அதனாலயா?" என்றார்.

"இல்லம்மா. நீங்க நீவுறதுக்கு முன்னாடியே அது அங்க இருந்துது. இனிமே நீவாதீங்க, அது போதும்."

ஏழுமலை அப்போதுதான் உட்கார்ந்தார். மேசை மேல் வைத்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னிக்கு அவ கைய புட்சிக்கினுதான் ஓடுனேன். சின்னவன தோள்ள போட்டுக்கினு, இவள ஒரு கைல இழுத்துக்கினு. மேட்டுல ஏறும்போது கைய வுட்டுட்டேங்க. நழுவிடுச்சி. திரும்பிப் பாக்குறேன், வுழுந்து கெடக்குறா. நான் வுடாம இருந்திருந்தா வுழுந்திருக்க மாட்டா."

அத்தனை மாதங்களாக அவர் இதைச் சுமந்துகொண்டிருந்தார். மகளுக்கு ஒரு நோய் என்றதும் இதற்குக் காரணம் தன் கைதான் என்று முடிவு செய்துவிட்டார்.

"ஏழுமலை, இங்க பாருங்க. விழுந்தா இந்த நோய் வராது. விழுந்த பிள்ளைங்க எல்லாருக்கும் வந்திருந்தா இந்தக் கடற்கரையில ஒரு பிள்ளையும் மிச்சம் இருக்காது. அன்னிக்கு நீங்க அவளத் தூக்கிக்கிட்டே ஓடியிருந்தாலும் இது வந்திருக்கும். அவளுக்கு வளர்ற வயசு. அவ்வளவுதான் நமக்குத் தெரிஞ்சது."

"வளர்றதாலயா?"

"வளர்றது தப்பில்ல. அந்த வயசுல இது வர்றதுண்டு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அஞ்சலை அவர் முதுகில் கை வைத்தார். அந்த அறையில் நான் கொடுத்த மருந்து என்று ஒன்றும் இல்லை. எந்த வயதில் எந்த நோய் வரும் என்பது பரீட்சைக்குப் படிக்கிற பாடம். அன்றைக்கு அது ஒரு தகப்பனை, தன் கை மேல் அவரே போட்டுக்கொண்ட பழியிலிருந்து விடுவித்தது. பாடத்தை நன்றாகப் படியுங்கள் என்று நான் உங்களைத் தொந்தரவு செய்வது அதனால்தான்.

சென்னையில் மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். கோமதியின் முடி கொட்டியது. வாந்தி, வாய்ப்புண், காய்ச்சல். இடையிடையே ஊருக்கு வரும்போது ரத்தப் பரிசோதனைக்கு எங்களிடம் வருவாள். முகம் வெளிறி, தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்தாலும் செவிலியரிடம் டிவி சீரியலில் விட்டுப்போன கதையை விசாரிக்காமல் போகமாட்டாள்.

பிறகு ஒரு முறை வரவில்லை. அடுத்த தேதியிலும் வரவில்லை. சென்னையில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த மருத்துவருக்குப் போன் செய்தேன். அதிகம் பேசாத மனிதர். கட்டி ரத்தக் குழாயைச் சுற்றிப் பிடித்திருக்கிறது, காலைக் காப்பாற்ற வழியில்லை, தொடையோடு எடுத்தாக வேண்டும் என்றார். அதைச் சொன்ன அன்றே அப்பா பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாராம். நான் அப்பாவிடம் பேசுகிறேன் என்றேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட யாராவது பேசினீங்களா?" என்று கேட்டார்.

யாரும் பேசவில்லை. அவளைச் சுற்றி நின்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் தடுப்பூசிக்காக அந்தப் பக்கம் போன ஜீப்பில் நானும் ஏறிக்கொண்டேன். வீடு உப்பளத்தை ஒட்டிய குடியிருப்பில். ஏழுமலை பாத்தியில் இறங்கி நின்று பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வேலையை நிறுத்தாமலே சொன்னார்.

"கால எடுக்க சொல்லத்தான் வந்திருக்கீங்கன்னா வேணாம் மேடம். நாளைக்கு அவ எப்படி நடப்பா? யாரு கட்டிக்குவான்? நான் இருக்குறவரைக்கும் பாத்துக்குவேன். அப்புறம்?"

"நான் கோமதியப் பாக்க வந்தேன்" என்றேன்.

அவள் வீட்டு வாசலில், கொட்டகை நிழலில், காலை ஒரு மூட்டை மேல் நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "உனக்கு என்னென்ன தெரியும்?" என்றேன்.

"எல்லாம் தெரியும் மேடம். எங்கிட்டதான் யாரும் சொல்லல."

"நீ கேக்கலாமே."

"கேட்டா அப்பா அழுவாரு."

பிறகு அவள் கேட்டாள். காலை எடுத்தால் இந்த வலி போகுமா என்றாள். இந்த வலி போகும், ஆனால் இல்லாத கால் வலிப்பது மாதிரி சில நாள் இருக்கும் என்றேன். எடுக்கவில்லை என்றால்? நுரையீரலுக்குப் போகும் என்றேன். எடுத்தால் போகாதா? போகாமல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் சத்தியம் செய்ய முடியாது என்றேன். செயற்கைக் கால் வைத்தால் பள்ளிக்கூடம் போகலாமா என்றாள். போகலாம். கோகோ ஆட முடியாது. அதையும் சொன்னேன்.

கேள்விகள் தீர்ந்ததும் அவள் அழுதாள். நான் அவள் தலைத்துண்டைச் சரி செய்துவிட்டேன். அழுது முடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பாகிட்ட நானே சொல்றேன் மேடம். நீங்க சொன்னீங்கன்னா உங்க மேல கோவப்படுவாரு. பாவம், அவரு உங்கள ரொம்ப நம்புறாரு."

பாத்தி வரப்பு வரைக்கும் ஊன்றுகட்டைகளோடு போனாள். விழுந்துவிடுவாளோ என்று நான் பின்னாலேயே போனேன். ஏழுமலை பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"அப்பா, இந்தக் கால் வேணாம்பா. ரொம்ப வலிக்குது."

அவ்வளவுதான் சொன்னாள். கல்யாணம் பற்றியோ உயிரைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. ஏழுமலை அவளைப் பார்த்தபடியே நின்றார். அவர் கையெல்லாம் உப்பு. அவளைத் தொடுவதற்காகக் கையை வேட்டியில் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"செரிம்மா" என்றார். "செரி. போலாம்."

அறுவை நடந்தது. அதற்குப் பிறகும் மருந்து இருந்தது, அது முன்னைவிடக் கடினமாக இருந்தது. நெஞ்சுப் படம் எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் அந்தக் குடும்பம் சாப்பிடாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தக் கதை நல்லபடியாக முடிவதில்லை. பிழைக்காத பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்ப்பீர்கள். கோமதியின் படங்கள் சுத்தமாகவே வந்தன. இன்றைக்குத் திண்டிவனத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு ஒரு மகன் இருக்கிறான்.

2006 ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த சில நாட்களில் மாணவர் பரிசோதனைக்காக அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். காலை மணி அடிக்கும் நேரம். ஏழுமலை சைக்கிளில் கோமதியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். தலையில் பையன்களுக்கு இருக்கிற மாதிரி குட்டை முடி முளைத்திருந்தது. துண்டு கட்டவில்லை. இறக்கிவிடுவதற்காக அவர் கையை நீட்டினார்.

"வேணாம்பா. எல்லாரும் பாக்குறாங்க. நீ போ."

அவளே இறங்கினாள். ஒரு பக்கம் சாய்ந்து, செயற்கைக் காலை வீசி வைத்து, உள்ளே நடந்தாள். ஏழுமலை போகவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

அவள் வகுப்புப் பெண்கள் ஓடி வந்தார்கள். பக்கத்தில் வந்ததும் வேகம் குறைந்து நின்றுவிட்டார்கள். ஒரு வருடமாகப் பார்க்காத தோழியிடம் என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒருத்தி பாவாடையின் கீழே பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"ஏய், தொட்டா வலிக்குமாடி?"

கோமதி குனிந்து, கதவைத் தட்டுவது மாதிரி, தன் காலில் விரல் முட்டியால் தட்டினாள்.

"யாருமில்லடி உள்ள" என்றாள்.

முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஆளுக்கு ஒரு தடவை தட்டிப் பார்க்க வேண்டும் என்று சண்டை வந்தது. அந்தச் சத்தத்தை நன்றாகக் கேட்டுவிட்டு, ஏழுமலை சைக்கிளைத் திருப்பி ஏறி மிதித்தார்.